மறுமொழி: ‘ஒமிஷன் பயஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன?

குழுமத்தாருக்கு வணக்கம். ‘ஒமிஷன் பயஸ்’ என்பது, கேடு ஒரே அளவு என்றாலும், செய்து விளைவித்ததைவிடச் செய்யாமல் விட்டதால் விளைந்ததை லேசாக எடைபோடுவதும், தாமே முடிவெடுக்கும்போது செய்யாமல் இருப்பதன் பக்கம் சாய்வதும் ஆகிய மனப்போக்கு.

> ‘செயல்தயக்கம்’ என்றே வைத்துவிடலாமே. படிப்பவருக்கு உடனே புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். தயக்கம் என்பது செய்யப்போகிறவன் மனசில் நடப்பது. இங்கே பேச்சு பிறர் குற்றத்துக்குச் சொல்லும் தீர்ப்பையும் பற்றியது. ஸ்ப்ரான்கா, மின்ஸ்க், பாரன் மூவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு டென்னிஸ் வீரன் வருகிறான். (‘பேரன்’ என்று எழுதினால் யாருடைய பேரன் என்று கேட்பீர்கள், பாரன் என்றே இருக்கட்டும்.) மோதப்போகும் எதிராளிக்கு ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாது என்று அவனுக்குத் தெரியும். அது கலந்த உணவை அவனே சிபாரிசு செய்து சாப்பிட வைக்கிறான். அல்லது எதிராளி தானாகவே அதைக் கேட்டு வாங்கும்போது வாயைத் திறக்காமல் இருக்கிறான். கெட்ட எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் சிபாரிசு செய்ததே மோசம் என்று பலர் சொன்னார்கள். சொன்னவர்கள் எதையும் செய்யத் தயங்கவில்லையே! மூன்றாம் மனிதராக இருந்து குற்றத்தை எடைபோட்டார்கள்.

கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. வெள்ள காலத்தில் மணல் மூட்டையும் சவுக்குக் கம்பும் அடுக்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கரைகாவல் இருப்பார்கள். கரையின் ஊர்ப்பக்கச் சரிவில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கசிவு தெளிவாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம்; உடனே ஆள் கூப்பிட வேண்டும். கலங்கலைப் பார்த்தும் ஒருவன் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான், விடிவதற்குள் கரை போய்விட்டது என்று வையுங்கள். டீக்கடையில் என்ன பேசுவார்கள்? “ஆறு உடைப்பெடுத்துடுச்சு. அவன் அசந்துட்டான், பாவம்.” அதே இரவில் தன் ஊரைக் காப்பாற்ற எதிர்க்கரையை ஒருவன் மண்வெட்டியால் வெட்டிவிட்டால்? “விளங்குவானா அவன்?” மூழ்கிய நாற்று இரண்டிலும் ஒரே அளவு என்று வைத்தாலும் பேச்சு மாறாது.

> டிராலிக் கதையும் இதுதானே? ஒரே பதிவில் போட்டுவிடலாம்.

வேண்டாம் அம்மா, தனித்தனியாகவே இருக்கட்டும். பிலிப்பா ஃபுட் 1967இல் தொடங்கிவைத்த கதையில் வண்டி ஐந்து பேரை நோக்கிப் போகிறது; வேறு தடத்துக்குத் திருப்பினால் ஒருவர் சாவார். கேட்டவர்களில் பெரும்பாலோர் திருப்பலாம் என்கிறார்கள். திருப்புவதும் ஒரு செயல்தானே? ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1976இல் சேர்த்த பாலத்துக் கதையில்தான், ஒரு பருமனான ஆளைத் தள்ளி வண்டியை நிறுத்தச் சொன்னால், கூடாது என்கிறார்கள். செய்யாமல் இருப்பதன் பக்கம் சாய்வது மட்டுமே காரணம் என்றால் முதல் கதையிலும் கூடாது என்றல்லவா சொல்ல வேண்டும்.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் ஷட்டரைத் தூக்கி வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்புகிறார்கள். படுகை வாழை மூழ்குகிறது. நஷ்டஈடு கேட்போம், அதிகாரிகளைத் திட்டுவோம். ஆனால் கரை வெட்டியவனைப் பார்க்கும் பார்வையில் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் தண்ணீரைத் திருப்புவது வேறு, இல்லாத உடைப்பை உண்டாக்குவது வேறு என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. இதை வெறும் பாமரக் குழப்பம் என்று ஒதுக்கும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘விடுபடல் சாய்வு’ புள்ளியியல்காரர்களோடு மோதும்; கணக்கிடும் மாடலில் ஒரு மாறி விடுபட்டுப்போவதால் வரும் பிழை அங்கே இருக்கிறது. ‘தவிர்ப்பு’ என்றால் வேண்டுமென்றே ஒதுங்குவது போல ஒலிக்கிறது. எனவே ‘செய்யாமை’. குறள் 466இல் இருக்கும் சொல். செய்யத் தகாததைச் செய்வதாலும் கேடு, செய்யத் தக்கதைச் செய்யாமையாலும் கேடு என்று வள்ளுவர் இரண்டையும் சமமாக நிறுத்துகிறார். மனிதர்கள் அப்படி நிறுத்துவதில்லை என்பதுதான் இந்த ஆய்வுகளின் சேதி.

‘பயஸ்’ பெரிய தலைவலி. ‘சார்பு’, ‘சாய்வு’ இரண்டையும் பள்ளிக் கணக்குப் புத்தகம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘ஓரவஞ்சனை’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதில் தெரிந்தே செய்யும் வஞ்சம் இருக்கிறது. ‘செய்யாமைச் சாய்வு’ என்று சேர்த்து எழுதினால் கோட்டின் சாய்வு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். என் முன்மொழிவு அதுவே.

எடுத்துக்காட்டு வாக்கியம் இப்படி இருக்கலாம்: “தடுப்பூசியால் சாவு நேரும் வாய்ப்பு நோயால் நேருவதைவிடக் குறைவு என்று சொல்லியும், குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று பலர் முடிவெடுத்ததை ரிட்டோவும் பாரனும் 1990இல் காட்டினர், இது செய்யாமைச் சாய்வு.”

எதிர்ச்சொல்லுக்குச் ‘செய்கை’ போதுமா, ‘செய்தல்’ என்றே வைக்கலாமா? சட்டத்துறை நண்பர்கள் சொல்லுங்கள். குற்றவியலிலும் இந்த இணை வரும். அதன் பிறகு விக்சனரியில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
திருக்காட்டுப்பள்ளியிலிருந்து