விசுவாசம் உரசிய ஒரு நிமிடம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அம்பத்தூர்வாசி
போன வருஷம் ஆயுத பூஜை. எஸ்டேட்டில் எங்கள் லேத் பட்டறை. நான் கிறிஸ்தவன், மெஷினுக்குப் பொட்டு வைக்கிற நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுவேன், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்றைக்குத் திரும்பி வந்தால், எங்கள் வாட்ச்மேன் ஐயா கேட்டிலேயே காத்துக்கொண்டு நிற்கிறார். கையில் பேப்பரில் மடித்த பொரி, பொட்டுக்கடலை, மேலே ஒரு வாழைப்பழம். "தம்பி, உனக்குன்னு எடுத்து வச்சேன்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். நான் சட்டென்று "எங்க ஆளுங்க இதெல்லாம் தொட மாட்டோம்" என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது. நாலைந்து பொரி தரையில் சிந்தியது, அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பரில் நான் கொடுக்கும் கேக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குகிறவர் அவர். சாப்பிடாதது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. "தொட மாட்டோம்" என்று சொன்னேனே, அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

தாம்பரம் சகோதரன்
நீங்கள் செய்தது சரி, எதற்குக் கலங்குகிறீர்கள்? எனக்கும் அலுவலகத்தில் இதே நடந்தது, "வேண்டாங்க" என்றேன், முடிந்தது.

வேதாகமத்தில் பவுல் அப்போஸ்தலர் இதைக் கொரிந்து சபையாருக்கு அன்றைக்கே தெளிவாக எழுதிவிட்டார். முதலாம் நிருபம் 8-ம் அதிகாரத்தில் விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு சிலர் எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்பார்கள். ஆனால் 10:28-ஐயும் சேர்த்து வாசியுங்கள், இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் சாப்பிடாதே என்று இருக்கிறது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம், 10:25. ஆகவே அடுத்த வருஷம் முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அரை நாள் லீவு போடுங்கள், கூட வேலை செய்கிறவர்களுக்குக் காரணத்தையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அதுவே ஒரு சாட்சியாக இருக்கும். வீட்டில் பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லிக்கொடுங்கள், நாளைக்குக் காலேஜ், ஹாஸ்டல் என்று போனால் இதே கேள்வி அவர்களுக்கும் வரும்.

பெரம்பூர் அக்கா
தாம்பரம் தம்பி, அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். 10:29-ல் பவுல் சொல்வது என் மனசாட்சியை அல்ல, எதிரில் இருக்கிறவனுடைய மனசாட்சியை. அந்த ஐயா மனசு என்ன பாடுபட்டது என்றுதான் அம்பத்தூர் தம்பி கேட்கிறார், லீவு போடுவது எப்படி என்று அவர் கேட்கவேயில்லை.

என் கதை சம்பளக் கதை. மாசம் பிறந்ததும் முதலில் தசமபாகத்தை, அதாவது ஆலயத்துக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, எண்ணிக் கவரில் போட்டு வேதாகமத்துக்குள் வைத்துவிடுவேன், அதில் எனக்கு ஒரு திருப்தி. அந்த மாசம் கையில் இழுபறி. வீட்டு வேலை செய்கிற பெண்ணிடம் பத்தாம் தேதி தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பும்போது கவரை எடுத்து ஹேண்ட்பேகில் வைக்கிறேன், அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கை முழுக்கச் சோப்பு நுரை. "அக்கா, பையனுக்கு பீஸ் கட்டணும்" என்று மட்டும்தான் சொன்னாள். நான் "பத்தாம் தேதின்னு சொன்னேன்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது கவரைப் போட்டேன், போட்ட கை கனத்தது.

கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் அது. இப்போது மாசக் கடைசி நாளே அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கவரைத் தொடுகிறேன். ஆனாலும் அந்த ஞாயிறு ஞாயிறுதான்.

சைதாப்பேட்டைக்காரி
பொரியைப் பற்றி இத்தனை வசனம் பேசுகிறோமே, ஆள் பார்த்துப் பட்சபாதம் காட்டாதே என்கிற யாக்கோபு 2-ம் அதிகாரத்தை எடுத்து யாராவது பேசுகிறோமா?

என் மகனுக்குப் பெண் பார்த்தோம். ஒரே திருச்சபை, நல்ல பெண், ஜெபிக்கிற குடும்பம். காபி வந்தது. நான்தான் கேட்டேன், "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" நம்மவர்களுக்கு இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியும். பெண்ணின் அப்பா ஊரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, நான் கேட்காமல் கேட்டதற்கும் பதில் சொன்னார். குரல் மாறவேயில்லை, பலமுறை பலரிடம் சொல்லிப் பழகியவர் போல. நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்தச் சம்பந்தம் என்னாலேயே தட்டிப்போனது, வேறு காரணம் சொன்னேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது, மொட்டை மாடியில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே குண்டானில் இருந்து கஞ்சி குடித்தேன். அன்றைக்கு யாரிடமும் ஊர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. தண்ணீர் வடிந்ததும் எப்படித் திரும்ப வந்தது இந்தக் கேள்வி?

தாம்பரம் சகோதரன்
அக்கா, 10:29-ஐ நான் விட்டுவிட்டேன், உண்மைதான். எங்கள் வீட்டிலும் ஊர் கேட்டிருக்கிறோம்.

அம்பத்தூர்வாசி
எல்லோருக்கும் நன்றி. வாட்ச்மேன் ஐயா வேலையை விட்டுச் செய்யாறு பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டாராம். பட்டறையில் அவர் நம்பர் யாரிடமும் இல்லை, அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் கேட்டிருக்கிறேன், நாளை தருகிறேன் என்றார்கள். மத்தேயு 5:23, 24 ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது. வருகிற ஞாயிறு எங்கள் ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து, அதற்குள் அவரிடம் பேசிவிட வேண்டும்.