புல்டாக் முகமடிப்பில் நாற்றம், பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறான்: என்ன செய்யலாம்?

பீமன்வீடு:
எங்கள் பீமன் இங்கிலீஷ் புல்டாக், மூன்று வயது. மூக்குக்கு மேலே இருக்கும் பெரிய மடிப்பிலிருந்து கொஞ்ச நாளாகப் புளித்த நாற்றம் வருகிறது. விரித்துப் பார்த்தால் உள்ளே சிவந்து, பழுப்பாகப் பிசுபிசுக்கிறது. தினமும் ஈரத்துணியால் துடைக்கிறேன், வாரம் ஒருமுறை குளிப்பாட்டுகிறேன். மறுநாளே திரும்ப அதே நாற்றம். இது போதாதென்று, பின்பக்கத்தைத் தரையிலும் சுவரிலும் போட்டுத் தேய்க்கிறான். பூச்சி மருந்து காலத்தோடு கொடுத்தாகிவிட்டது. காது சுத்தம், சாப்பாட்டிலும் குறையில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

நாலுகால்நேசன்:
ஈரத்துணியால் துடைத்த பிறகு மடிப்பை உலர்த்துகிறீர்களா? புல்டாக் தோலில் பாதிப் பிரச்சினை அங்கேதான். இரண்டு தோல் பரப்பு ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கிறது, காற்றே போகாது. அதற்குள் கண்ணீரும் எச்சிலும் தோலின் எண்ணெயும் சேர்ந்து வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது, தோலில் எப்போதும் இருக்கும் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகிவிடும். நீங்கள் சொல்லும் புளித்த வாடை பெரும்பாலும் ஈஸ்ட்டின் வாடை.

மெல்லிய காஸ் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, நாய்களுக்கென்று விற்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, மடிப்பின் அடி வரைக்கும் மென்மையாகத் துடையுங்கள். தேய்க்க வேண்டாம், ஏற்கெனவே புண்பட்ட தோல். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மடிப்பை விரித்துப் பிடித்து ஒரு நிமிடம் காற்றுப் படவும் விடுங்கள். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும்: குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். மூக்கு மடிப்பு கண்ணுக்கு ஒட்டியே இருப்பதால் துணியிலிருந்து சொட்டவே கூடாது. கண்ணுக்குப் பக்கத்தில் வெறும் சலைன் போதும்.

பவுடர் போட வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உள்ளேயே உரசும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறிவரும் தோலையே கெடுக்கும்.

குட்டிமாஅம்மா:
தரையில் தேய்ப்பதற்குப் பெரும்பாலும் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருப்பதுதான் காரணம். பிதுக்கி எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கிளினிக்உதவியாளர்:
அதுவும் ஒரு காரணம்தான் அம்மா, ஆனால் யாராவது நேரில் காட்டிக்கொடுக்காமல் வீட்டில் பிதுக்கக் கூடாது. அழுத்தம் தவறினால் சுரப்பி காயப்படும். சீழ் பிடித்திருந்தால் உடைந்துகூடப் போகலாம்.

பீமன்வீடு, அதற்கு முன்னால் வாலைப் பாருங்கள். புல்டாக் வாலின் முள்ளெலும்புகள் பிறவியிலேயே கோணலாகச் சேர்ந்து திருகுபோல் சுருண்டிருக்கும். சில நாய்களுக்கு அதன் கீழே ஒரு குழி இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. வாலுக்கு அடியில் விரலை மெதுவாக விட்டுத் தடவினால்தான் பிடிபடும். பல வீடுகளில் முகத்தைப் பளிச்சென்று வைத்திருப்பார்கள், முகமடிப்பைப் போலவே ஈரம் தங்கி அரிக்கும் இந்தக் குழி இருப்பதே தெரியாது. கடிக்க வருவான் என்றால் நீங்களாக முயல வேண்டாம், அவனுக்கு வலிக்கிறது என்று அர்த்தம்.

மடிப்பில் இரத்தம், சீழ், தொட்டால் கத்துவது, கண்ணை இடுக்கிக்கொள்வது, இதில் எது இருந்தாலும் துடைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கண்ணை இடுக்குவது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருத்துவம் வேண்டும்.

பீமன்வீடு:
குழி இருக்கிறது! விரலில் முழுக்கப் பழுப்புக் கசிவு, பீமன் ஒரே சிணுங்கல். மருத்துவரிடம் காட்டிவிட்டோம். மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, முகத்திலும் வாலடியிலும் ஈஸ்ட் என்றார். ஆசனவாய்ச் சுரப்பியில் அடைப்பு இல்லை. பூசுவதற்குக் களிம்பும் குளோர்ஹெக்சிடின் ஷாம்புவும் தந்திருக்கிறார். திரும்பத் திரும்ப வந்து ஆறாமலே போனால்தான் வாலை எடுக்கும் அறுவைசிகிச்சை, இப்போது தேவையில்லை என்றும் சொன்னார். வாலைப் பார்க்கச் சொன்னதற்கு மிக்க நன்றி. ஷாம்புவை எப்படிப் போட வேண்டும்? உலர்த்த ஹேர் டிரையர் சரிதானா? நகம், பாதம் எல்லாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

நாலுகால்நேசன்:
நல்லது, பீமனுக்கு இனி நிம்மதி. மருந்து ஷாம்புவைப் போட்டவுடன் அலசக் கூடாது. பத்து நிமிடம் தோலில் இருந்தால்தான் வேலை செய்யும். அதுவரை உடலைத் தடவிக்கொடுத்தபடி பேச்சுக் கொடுங்கள், நக்க விடாதீர்கள். பிறகு மடிப்புகளில் நுரை துளியும் தங்காமல் அலசுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள். ஆறிய பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும், நடுவில் ரப்பர் பிரஷ்ஷால் வாரிவிட்டால் உதிர்ந்த முடி வந்துவிடும். மனிதர்களின் சோப்பு வேண்டாம், நம் தோலின் அமிலத்தன்மை வேறு, நாய்த்தோலின் அமிலத்தன்மை வேறு.

நகம் நடக்கும்போது தரையில் டக்டக்கென்று கேட்டால் நீளம் என்று பொருள். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், உள்ளே இரத்தக்குழாய் ஓடுகிறது. பக்கவாட்டில் இருக்கும் கட்டைவிரல் நகத்தை மறக்காதீர்கள், அது தரையில் தேயாமல் வளைந்து சதைக்குள் போய்விடும். விரலிடுக்கைத் தினமும் பாருங்கள். புல்டாக்குக்கு அங்கே சிவந்த கொப்புளம் வருவது சகஜம், எடை கூடினால் இன்னும் அதிகம். கிள்ளி உடைக்க வேண்டாம். மூக்குத்தோல் காய்ந்து வெடித்தால் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகப் பூசலாம். காதுக்குள் பட்ஸ் விடாதீர்கள்.

கிளினிக்உதவியாளர்:
டிரையர் கேள்விக்கு நான் சொல்கிறேன். முடிந்தவரை துண்டும் மின்விசிறியும்தான் நல்லது. டிரையர் என்றால் குளிர்காற்றில் மட்டும், முகத்துக்கு நேராக வேண்டாம். நாய்கள் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கின்றன. புல்டாக்கின் மூக்குத்துளையும் தொண்டையும் குறுகியவை, அதனால் குளியலறைப் புழுக்கம்கூட ஆபத்தாகலாம். நாயின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இரைப்பு வழக்கத்தைவிட உரக்கக் கேட்டால், எச்சில் நூலாக ஒழுகினால், தள்ளாடினால் உடனே வேலையை நிறுத்துங்கள். உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறியைப் போட்டுவிட்டு, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியிலும் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். ஈறு நீலமாகவோ சாம்பலாகவோ மாறியிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பீமனின் ஈறு சாதாரண நாளில் எந்த நிறம் என்று இன்றைக்கே ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.