பழைய பத்திரத்தில் ‘மருமகன்’ யார்?

கேள்வி: கல்குளம் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) பக்கத்துப் பாகப்பத்திரம், கொல்லம் ஆண்டு 1088. காரணவருக்கு (கூட்டுக்குடும்பத் தலைவர்) அடுத்துக் கையெழுத்திட்டவர் ‘மருமகன்’ என்றிருக்கிறது. காரணவருக்கு மகளே இல்லையே?

பதில் 1: அக்கா தங்கை மகனாக இருக்கும். மலையாளத்தில் அந்தப் பொருள் முக்கியம். சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கத்தாயம் என்ற முறையின் பெயரே அதில் வந்ததுதான். தமிழுக்கும் புதிதல்ல, முருகன் ‘மால்மருகன்’, அதாவது திருமாலின் தங்கை மகன் இல்லையா? சகோதரி மகனுக்கே பெண் கொடுத்த வழக்கத்தில் இரண்டு உறவுக்கும் ஒரே சொல் பொருந்திப் போனது.

பதில் 2: ஆனாலும் அவசரப்பட்டு வாரிசு வரைபடம் போட்டுடாதீங்க. ‘அனந்தரவன்’ (காரணவருக்கு இளைய உறுப்பினர்), ‘தாவழி’ (ஒரு தாய் வழி வந்த கிளை) என்ற சொற்கள் இருக்கான்னு பாருங்க, இருந்தால் தாய்வழிதான். மாதத்தையும் கவனிங்க: கொல்லம் ஆண்டோடு சிங்க மாதம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் 825 கூட்டணும். உங்களுடையது 1912 அல்லது 1913. நாஞ்சில்நாட்டு வேளாளர் குடும்பம்னா, அவங்க வாரிசு முறையை மாற்றிய 1926 சட்டத்துக்கு முந்தையது. பிந்தைய பத்திரங்களை இதே கண்ணால் படிக்கக்கூடாது.

பதில் 3: எழுதிக்கொடுத்தவர் பெண் என்றால் கதை வேறு. அவருக்கு அண்ணன் தம்பி மகன்தான் மருமகன்.