முதல் கைத்துப்பாக்கி: சின்னதாக இருந்தால் சுலபம் என்று நினைத்தேன்

கேட்டி வாசி:

கிரீன் கார்டு வந்த வருடம், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, பட்டப்பகலில் பின்கதவை உடைத்துப் புகுந்துவிட்டார்கள். வீட்டில் ஆள் இல்லை. நகையும் ஒரு லேப்டாப்பும் போனதோடு சரி. ஆனால் என் கணவர் மாதத்தில் பாதி நாள் வேலையாக வெளியூரில் இருப்பவர். அன்று இரவு நானும் மகளும் விளக்கை அணைக்காமலே படுத்திருந்தோம். அந்த வாரமே துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அதுவரை நான் பிடித்திருந்த ஒரே துப்பாக்கி, தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடிப்பது.

கடைக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எதற்கு, எங்கே வைக்கப் போகிறீர்கள், சுட்டுப் பழக்கம் உண்டா, ஒன்றும் இல்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஐந்து தோட்டா பிடிக்கும் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. எடை ஏறக்குறைய 400 கிராம். "பெண்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், ஸ்லைடை இழுக்கும் வேலையே இல்லை" என்றார். (ஸ்லைடு என்றால் பிஸ்டலின் மேல்பகுதி, தோட்டா ஏற அதைப் பின்னால் இழுத்துவிட வேண்டும்.) கைக்குள் அடங்கியது, பார்க்க மிரட்டவும் இல்லை. புடவை எடுப்பதற்கு நான் செலவழிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசுப் படிவம் 4473ஐ நிரப்பத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. நமக்காகவே வாங்குகிறோமா, வழக்கு ஏதும் உண்டா, கஞ்சா பயன்படுத்துவது உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். கிரீன் கார்டில் இருக்கும் ஏலியன் எண்ணையும் எழுத வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு விவரத்தை அனுப்பினார், காபி குடித்து முடிப்பதற்குள் 'கொடுக்கலாம்' என்று பதில் வந்தது. டெக்சஸில் காத்திருப்புக் காலமும் கிடையாது. ஊரில் காஸ் இணைப்புக்கு நடந்த நடையை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் கூடம். முதல் தோட்டாவிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் யாரோ சுத்தியலால் அடித்தது போல இருந்தது. யோசித்தால் விஷயம் எளியதுதான். பெரிய ரிவால்வரில் போகும் அதே 38 ஸ்பெஷல் தோட்டாதான் இந்தக் குட்டியிலும் போகிறது. உதையை வாங்கிக்கொள்ள இரும்பு இல்லையென்றால் கைதானே வாங்க வேண்டும்? இன்னொன்று விசை, அதாவது ட்ரிகர். அதை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அதில் ஐந்து கிலோ இழுவையைக் கொடுத்துப் பாருங்கள், முனை எங்கே போகும் என்று. 21 அடி தூரத்தில் ஐந்து சுட்டதில் காகிதத்தில் பட்டது இரண்டு. இன்னொரு ஐந்து சுட்டேன், ஒன்று பட்டது. வீட்டுக்கு வந்து பூட்டி வைத்தவள் நான்கு மாதம் அதைத் தொடவில்லை.

அப்புறம் தோழி ஒருத்தி பெண்களுக்கான பயிற்சி வகுப்புக்கு இழுத்துப் போனாள். பயிற்சியாளர் அம்மா முதல் ஒரு மணி நேரம் தோட்டாவைக் கண்ணிலேயே காட்டவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை, அழிக்க விரும்பாத எதன் மேலும் முனையைத் திருப்பாதே, குறி சேரும்வரை விரல் விசைக்கு வெளியே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். நான்கையும் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார், வாய்ப்பாடு மாதிரி.

பிறகு ஐந்து துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார். 22 காலிபர் (காலிபர் என்றால் குண்டின் பருமன், 22 சின்னது, உதை குறைவு) ரூகர் மார்க் 4, ரூகர் எல்.சி.பி., சிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு இ.இசட்., கிளாக் 19. எல்.சி.பி. என் ரிவால்வரைவிடச் சின்னது. ஒரு மேகசின், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, காலியானதோடு போதும் என்று வைத்துவிட்டேன். பி365 பரவாயில்லை, ஆனால் என் சுண்டுவிரல் பிடியில் நிற்காமல் கீழே தொங்கியது. கிளாக்கைப் பார்த்ததும் இது போலீஸ்காரர் சமாச்சாரம், நமக்கு ஆகாது என்று ஒதுக்கினேன். "ஒரே ஒரு மேகசின்" என்றார். 670 கிராம் எடை, கை முழுக்கப் பிடி, விசை இரண்டரைக் கிலோ. சுட்ட பத்தில் எட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை, யாராவது பக்கத்து லேனிலிருந்து என் காகிதத்தில் சுட்டார்களா என்று பார்த்தேன்.

ஸ்லைடை இழுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடது கையால் ஸ்லைடை இழுக்கப் பார்த்துத்தான் எல்லாரும் திணறுகிறோம். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே, முனை குறிப்பலகையை விட்டு விலகாமல் வைத்து, ஸ்லைடை இடது கையில் இறுகப் பற்றிக்கொண்டு வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஆட்டுக்கல் சுற்றிய கை நமக்கு, இது வராதா?

கிளாக் 19ஐ வாங்கினேன். நீங்கள் எல்லாரும் முதலில் எதை வாங்கினீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

எடிசன்காரன்:

காபி குடிப்பதற்குள்ளா? அக்கா, நியூ ஜெர்சிக்கு வாங்க. இங்கே முதலில் துப்பாக்கி அடையாள அட்டை, அப்புறம் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதி. அதற்கு 90 நாள்தான் ஆயுள், அதற்குள் வாங்கியாக வேண்டும். மேகசினில் பத்துக்கு மேல் தோட்டா கூடாது. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். இவர் நல்லவர் என்று சொல்ல உறவில்லாத இரண்டு பேர் வேண்டும் என்றார்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தமிழ்ச் சங்கத்தில் பத்து வருடமாகச் சேர்ந்து பொங்கல் வைக்கிறோம். ஒருவரிடம் கேட்டேன். "ஏன் தம்பி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்றார். இன்னொருவர் சரி என்று சொல்லிவிட்டு, போலீஸிடமிருந்து மின்னஞ்சல் வந்ததும் என் மனைவிக்கு போன் போட்டுவிட்டார். கடைசியில் அலுவலகத்து நண்பர்கள் இரண்டு பேர்தான் கைகொடுத்தார்கள்.

ஒரு நன்மை என்னவென்றால், அனுமதி வருவதற்குள் ரேஞ்சுக்கு ஆறேழு தடவை போய் வாடகைத் துப்பாக்கிகளில் சுட்டுப் பார்த்துவிட்டேன். முதல் தடவை தனியாகப் போனபோது வாடகைக்குத் தர மறுத்தார்கள். கோபம் வந்தது. சொந்தத் துப்பாக்கி இல்லாமல் முதல்முறை தனியாக வருகிறவர்களுக்குத் தருவதில்லை, ரேஞ்சுக்கு வந்து உயிரை விட்டவர்கள் உண்டு என்று கவுண்டரில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். அடுத்த முறை மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன்.

புதிதாக வந்தவன்:

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியாது என்று தெரியும். நண்பர்களோடு ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாம்தானே?

கேட்டி வாசி:

தம்பி, அவசரப்படாதீங்க. எச்1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பது மத்திய சட்டம். ரேஞ்சில் கையில் எடுப்பதும் அதில் அடங்கும். விலக்குகள் சில உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வாங்கவே செய்யலாம். விசாவோடு விளையாடாமல், ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்க.

டாலஸ் பழைய கேடட்:

நான் கல்லூரியில் என்.சி.சி. முகாமில் 22 ரைபிள் சுட்டவன். எனக்குத் தெரியாததா என்ற திமிரோடு வாங்கியது 1911 ரகம், 45 காலிபர். அமெரிக்க ராணுவம் 1911 முதல் 1985 வரை வைத்திருந்த துப்பாக்கி என்ற பெருமை வேறு. ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஏழு தோட்டா. அழகில் குறை சொல்ல முடியாது, கல்யாண மண்டபத்தில் குத்துவிளக்கு மாதிரி இருக்கும்.

குறி மட்டும் எப்போதும் இடது பக்கம் கீழே போனது. துப்பாக்கியில்தான் கோளாறு என்று ஒரு வருடம் திட்டினேன். ஒருநாள் ரேஞ்சில் ஒரு பெரியவர் என் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மித் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். மூன்றாவது தடவை விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை 'டக்' என்று கீழே குனிந்தது. வெடிக்கப் போகிறது என்ற பயத்தில் என் கைதான் முன்கூட்டியே அழுத்திக்கொண்டிருந்தது! சுற்றிலும் நாலு பேர் பார்த்தார்கள், மானம் போயிற்று.

22 காலிபர் பிஸ்டல் ஒன்று வாங்கி ஆறு மாதம் சுட்ட பிறகுதான் அந்தப் பயம் தெளிந்தது. இப்போது வீட்டில் 9 எம்.எம். எஃப்.பி.ஐ.யே 40 காலிபரை விட்டுவிட்டு 9 எம்.எம்.முக்குத் திரும்பியபோது எனக்கு என்ன கௌரவக் குறைச்சல்? தோட்டா விலையும் குறைவு. விலை குறைந்தால்தான் நிறையச் சுடுவோம்.

என் வீட்டு அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, எந்த ஸ்லைடும் அசையாது. ஸ்லைடு லேசாக இழுபடும் ஷீல்டு இ.இசட்.தான் அவளுக்குச் சரிப்பட்டது. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்றாலும், வகுப்புக்குப் போய் உரிமத் தேர்வு எழுதினாள். 3, 7, 15 கெஜத்தில் மொத்தம் 50 தோட்டா, 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. என்னைவிட ஒன்பது மதிப்பெண் அதிகம் என்பதை வரும் விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மறந்துவிட்டேன். ரேஞ்சுக்குக் கழுத்து மூடிய சட்டை போட்டுப் போங்கள். சூடான காலித் தோட்டா என் தங்கையின் சுடிதார் கழுத்துக்குள் விழுந்து, அவள் துப்பாக்கியோடு திரும்பிவிட்டாள். விரல் விசையில் இல்லை, பிழைத்தோம்.

பதின்வயதுப் பிள்ளையின் அம்மா:

நாங்களும் பார்த்தோம், ரேஞ்சுக்குப் போனோம், கணவருக்கு எது என்று முடிவுகூட ஆகிவிட்டது. அந்த வருடம் எங்கள் பையன் பள்ளியில் மிகவும் சோர்ந்து போயிருந்தான், மருத்துவரிடம் போய்வந்துகொண்டிருந்தோம். அவர் முதல் சந்திப்பிலேயே கேட்டது, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று. இல்லை என்றேன். வாங்கும் யோசனையை அன்றோடு விட்டோம். கதவுக்கு நல்ல பூட்டும் ஒரு நாயும்தான் இப்போது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, இதுவும் ஓர் அனுபவம்தானே.

எடிசன்காரன்:

எழுதியது நல்லதுங்க. என் மனைவியும் இதே கேள்வியைத்தான் கேட்டாள், என்னிடம் பதில் இல்லாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கேட்டி அக்கா, உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறாளே, எங்கே வைக்கிறீர்கள்? அந்த ரிவால்வர் என்ன ஆயிற்று?

கேட்டி வாசி:

மகளுக்கு ஒன்பது வயது. டெக்சஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாமல் விட்டு, அது 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டால் நம் மேல் குற்றம். கட்டில் பக்கத்துச் சுவரில் திருகி மாட்டிய சின்ன இரும்புப் பெட்டி வைத்திருக்கிறேன். முதலில் கைரேகைப் பெட்டிதான் வாங்கினேன். தோசை மாவு காய்ந்த விரலை அது அடையாளமே காணவில்லை, ஈர விரலையும் காணவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, பொத்தான் அழுத்தித் திறக்கும் பெட்டிக்கு மாறினேன். எண்கள் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பிறந்தநாள், கல்யாண நாள் எதுவும் இல்லை, அதையெல்லாம் மகள் ஐபேடுக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

ரிவால்வரை வேறொரு கடையில் விற்றேன், கொடுத்த விலையில் பாதிதான் தேறியது. கவுண்டரில் இருந்தவர் சிலிண்டரைத் திறந்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று கேட்டார். பத்து என்றேன்.

சிரித்தார். "எங்களிடம் திரும்பி வருகிற இந்த மாடல் எல்லாம் இப்படித்தான் அம்மா, பத்துப் பதினைந்து சுட்ட புத்தம்புதுசு."