உருளும் குண்டு வைத்த ஜெல் டியூப்: கசிவை நிறுத்த யோசனை வேண்டும்

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் மகளிர் குழு கடல்பாசி ஜெல் செய்கிறது. பாசி எடுத்துக் கரையேறும் அக்காமார் கழுத்திலும் தோளிலும் தாங்களே தேய்த்துக்கொள்ள, மூன்று எஃகுக் குண்டுகள் உருளும் தலையோடு டியூப் வடிவமைக்கிறோம். அமுக்கினால் நடுத்துளையில் ஜெல் வரும், உருட்டினால் மசாஜ். கூடவே பென்சில் பேட்டரியில் ஓடும் சின்ன அதிர்வு மோட்டார்.

அந்த மோட்டார்தான் தலைவலி. அதிர்ந்ததும் ஜெல் இளகி, குண்டைச் சுற்றிக் கசிகிறது. சாஸ் பாட்டில் வாயில் இருக்குமே, கீறல் விட்ட சிலிகான் வால்வு, அதை வைத்தால் கசிவு நிற்குமா?

அப்புறம் உப்புக்காற்று. 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகில்கூடப் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் பரவாயில்லை. 8 மி.மீ. குண்டு சில்லறையாக எங்கே கிடைக்கும்? பிளாஸ்டிக் குண்டு மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் சில்லிப்பு எஃகில்தான் வரும்.