ஆஃப்செட் தாவுமா, எண்ணுமா?

பழைய டிபிஏ: நேற்று இங்கே ‘வேகவெப்’ என்ற நண்பர் பேஜினேஷன், அதாவது டேட்டாவைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுவது பற்றிப் பாடம் எடுத்திருந்தார். “ஐடி மேல் இண்டெக்ஸ் இருந்தால் போதும், ஆஃப்செட் 100000 என்று கொடுத்தாலும் டேட்டாபேஸ் நேராக அந்த இடத்துக்குத் தாவிவிடும்” என்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. ஆஃப்செட் என்றால் ‘முதல் இத்தனை ரோவை (டேபிளின் வரிகளை) விட்டுவிடு’ என்ற கட்டளை; இண்டெக்ஸ் என்றால் வேகமாகத் தேட உதவும் வரிசைப்பட்டியல். தாவாது ஐயா, எண்ணிக்கொண்டுதான் போகும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ‘ஆர்டர் பை ஐடி லிமிட் 20 ஆஃப்செட் 100000’ என்று எழுதி, முன்னால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டு, ஒவ்வொரு படியிலும் எத்தனை ரோ வந்தது என்று பாருங்கள். மேலே லிமிட் என்ற வரியில் 20 ரோ என்று சாதுவாக இருக்கும். அதற்கு அடியில் இண்டெக்ஸ் ஸ்கேனில் 100020. ஒரு லட்சத்தைப் படித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் உங்கள் 20 வருகிறது.

வேகவெப்: எழுதியவன் நான்தான். இண்டெக்ஸுக்குள் பி-ட்ரீ என்று கிளை கிளையாகப் பிரியும் அமைப்பு ஒன்று இருப்பது தெரியுமா? பத்து லட்சம் ரோ இருந்தாலும் மூன்று நான்கு படிகளில் இறங்கிவிடும். என் புராஜெக்டில் இண்டெக்ஸ் போட்டதும் 5001-ஆம் பக்கம் பறந்தது. தாவாமல் எப்படிப் பறக்கும்?

பழைய டிபிஏ: அதற்கு முன்னால் முழு டேபிளையும் படித்து சார்ட் செய்துகொண்டிருந்தது, அதாவது வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. சார்ட் போனதால் பறந்தது. தாவியதால் அல்ல. அகராதியில் ‘நெருஞ்சி’ எங்கே என்றால் நொடியில் எடுப்பீர்கள். ஒரு லட்சத்து ஒன்றாவது சொல் எது என்று கேட்டால்? விரல் வைத்து எண்ண வேண்டும் தம்பி. பி-ட்ரீ மதிப்பைத் தேடித் தரும். ஒரு கிளைக்கு அடியில் எத்தனை ரோ இருக்கிறது என்ற கணக்கு அதனிடம் கிடையாது.

வேகவெப்: அகராதியில் பக்க எண் இருக்கிறதே, ‘ஐயா’. அப்புறம், தம்பி என்று கூப்பிடும் அளவுக்கு நாம் பழகவில்லை.

பழைய டிபிஏ: அச்சடித்த அகராதியின் நடுவில் யாரும் நிமிடத்துக்கு நூறு சொல் செருகுவதில்லை. 100020. வருகிறதா இல்லையா?

யாழ் குறியாளர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வேகவெப் அண்ணா சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. தேவையான நிரல்கள் எல்லாம் இண்டெக்ஸிலேயே இருந்தால் இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன் நடக்கும், போஸ்ட்கிரஸ் 9.2-இலிருந்து இருக்கிறது. அப்போது தள்ளிவிடும் நிரைகளுக்காகப் பெரும்பாலும் டேபிள் பக்கமே போக வேண்டியதில்லை. வேக்யூம் என்ற சுத்தப்படுத்தும் வேலை ஒழுங்காக ஓடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகவெப்: பார்த்தீர்களா! டேபிள் பக்கமே போகவில்லை. இதைத்தான் தாவுவது என்கிறேன்.

பழைய டிபிஏ: அந்த ஸ்கேனிலும் 100020-தான் வரும். டேபிளுக்குப் போகாமல் இண்டெக்ஸிலேயே உட்கார்ந்து எண்ணுகிறது. வாசலில் எண்ணினாலும் திண்ணையில் எண்ணினாலும் எண்ணல் எண்ணல்தான்.

நடுராத்திரி டெப்ளாய்: நிரல்கள் இண்டெக்ஸில் இருப்பதா? நிரல் என்றால் புரோகிராம் இல்லையா?

யாழ் குறியாளர்: நிரை என்றால் ரோ, நிரல் என்றால் காலம். நாங்கள் பள்ளியில் படித்தது அப்படித்தான்.

நடுராத்திரி டெப்ளாய்: காலம் என்றால் நேரம் இல்லையா?

வேகவெப்: தமிழ்நாட்டில் நிரல் என்றால் புரோகிராம்தான். நிரலாளர் என்கிறோமே.

யாழ் குறியாளர்: உங்கள் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே போவது நிரல்தான்.

பழைய டிபிஏ: தமிழ்ப் பட்டிமன்றம் அப்புறம். விடை தெரியாதவருக்குப் பேச்சை மாற்ற நல்ல வழி கிடைத்தது. ஆறு மாதம் முன்பு இதே வேகவெப், ரோக்களை எண்ணும் கட்டளையில் ‘கவுன்ட் ஸ்டாரை விட கவுன்ட் 1 வேகம்’ என்று அடித்துச் சொன்னவர். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி எஞ்சினில் இரண்டையும் ஒரே மாதிரிதான் கையாளுகிறோம் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

வேகவெப்: அந்தப் பழங்கதையை இன்னும் மடியில் கட்டிக்கொண்டு அலைகிறீர்களா? சரி, நீங்கள் என்னதான் செய்வீர்கள்?

பழைய டிபிஏ: போன பக்கத்தின் கடைசி ஐடியைக் கையில் வைத்துக்கொள்வேன். அது 137452 என்றால், ‘வேர் ஐடி > 137452 ஆர்டர் பை ஐடி லிமிட் 20’. இதுதான் தாவல். பி-ட்ரீ நேராக அங்கே இறங்கி 20 ரோவை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் ஃபைண்ட் ஈச் என்ற கட்டளை ஆயிரம் ஆயிரமாக எடுப்பதும் இப்படித்தான். நீங்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் மேலே புது ரோ விழுந்தால், ஆஃப்செட் முதல் பக்கத்தில் பார்த்ததையே மறுபடி காட்டும். இதில் அந்தத் தொல்லையும் இல்லை.

வேகவெப்: நேராக 5001-ஆம் பக்கத்துக்குப் போக முடியுமா இதில்?

பழைய டிபிஏ: முடியாது. எந்த மனிதர் 5001-ஆம் பக்கத்துக்குப் போகிறார்?

நடுராத்திரி டெப்ளாய்: மனிதர் போக மாட்டார். பக்கங்களைத் தானாகப் படித்துச் செல்லும் தேடுபொறிகளின் பாட் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன் வருவது அதனால்தான்.

வேகவெப்: என் கிளையண்ட் பக்க எண் கேட்கிறார். அதைக் கொடுக்க முடியாதவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய டிபிஏ: பக்க எண் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. தாவும் என்று எழுதாதீர்கள். 100020.

யாழ் குறியாளர்: ‘தாவுதல்’ என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால்...

பழைய டிபிஏ: முடிவு செய்ய என்ன இருக்கிறது? எண் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

வேகவெப்: என்னிடமும் எக்ஸ்ப்ளெயின் இருக்கிறது. அதில் 20 என்றுதான் வந்தது.

பழைய டிபிஏ: மேல் வரியை மட்டும் படித்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.

வேகவெப்: ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை போடுகிறேன்.

பழைய டிபிஏ: கவுன்ட் 1 ஸ்கிரீன்ஷாட்டும் அதே லேப்டாப்பில்தானே இருக்கிறது? இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

நடுராத்திரி டெப்ளாய்: இரண்டு காலம் வைத்து ஆர்டர் பை செய்தால் இந்தக் கடைசி ஐடி முறையை எப்படி எழுதுவது? தேதி ஒன்றாக இருக்கிற ரோ நிறைய இருக்கிறது.

வேகவெப்: முதலில் அது காலமா, நிரலா என்று யாழ்ப்பாணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.