சதவீதக் கணக்கில் மாற்றத்திற்கு முந்தைய எண்ணைக் காண்பது எப்படி?

கேள்வி

என் மகளின் பயிற்சித்தாளில் இப்படி ஒரு கணக்கு உள்ளது: "ஒரு நூலகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 15 சதவீதம் உயர்ந்து 460 ஆனது. உயர்வதற்கு முன் எத்தனை உறுப்பினர்கள் இருந்தனர்?" அவள் 460-இல் 15 சதவீதமான 69-ஐக் கழித்து 391 என எழுதினாள்; விடைப்பகுதியிலோ 400 என்று இருக்கிறது. உயர்ந்ததைக் கழித்தால் பழைய எண் கிடைத்தாக வேண்டும் என்று அவள் வாதிடுகிறாள். சமன்பாடு அமைக்க இப்போதுதான் கற்றுவருகிறாள். அவள் ஏற்கும்படி எப்படி விளக்கலாம்?

மறுமொழி 1

உயர்ந்ததைக் கழித்தால் பழைய எண் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்ந்த அளவு 460-இல் 15 சதவீதம் அன்று. நமக்கு இன்னும் தெரியாத பழைய எண்ணிக்கையில் 15 சதவீதம். அந்தத் தெரியாத எண்ணை 'த' எனக் கொண்டால், கணக்கு சொல்வதை அப்படியே எழுதிவிடலாம்:

த + 0.15த = 460
1.15த = 460
த = 460 ÷ 1.15 = 400

391-ஐயும் அவளையே சோதிக்கச் சொல்லுங்கள். அதில் 15 சதவீதம் 58.65, இரண்டையும் கூட்டினால் 449.65 மட்டுமே வருகிறது. தன் விடையைக் கணக்கிலேயே திரும்பப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் நாம் தரும் எந்த விளக்கத்தையும்விட அவளுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

மறுமொழி 2

இதற்கு அடுத்து, சதவீதத்தின் அடிப்படையே மாறிவிடும் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 40 கிலோ பழத்தில் 90 சதவீதம் நீர். உலர்த்தியபின் நீர் 80 சதவீதமாகிறது. இப்போது எடை என்ன? நீர் 10 சதவீதம் குறைந்ததாக எண்ணிப் பலர் 36 கிலோ என்று சொல்லிவிடுவார்கள். முதலில் 40 கிலோவில் நீர் எவ்வளவு என்று பார்த்தோம். பின்னர் வரும் 80 சதவீதமோ உலர்ந்த பழத்தின் எடையில். ஆகவே சமன்பாட்டிற்கு முன் எது மாறவில்லை என்று தேட வேண்டும். நீரல்லாத பகுதி 4 கிலோ, அது அப்படியே இருக்கிறது. உலர்ந்தபின் அதுவே மொத்த எடையில் 20 சதவீதம். புதிய எடை 'எ' என்றால் 0.2எ = 4, எனவே எ = 20 கிலோ. எடை பாதியாகிவிடுகிறது!

கேட்டவர்

மிக்க நன்றி. 391-ஐச் சோதித்ததும் அவளே தெளிந்துவிட்டாள். 20 சதவீதம் குறைந்து 360 ஆனது என்றால், 0.8த = 360 என எழுதி 450 எனக் காண்பது சரிதானே?

மறுமொழி 1

சரியே. 450-இல் 20 சதவீதம் 90; கழித்தால் 360. அடுத்தடுத்து இரு மாற்றங்கள் வந்தால் அந்தப் பெருக்கு எண்களையே ஒன்றோடொன்று பெருக்குங்கள்: 10 சதவீதம் உயர்ந்து பின் 10 சதவீதம் குறைந்தால் 1.1 × 0.9 = 0.99, அதாவது தொடக்க எண்ணைவிட 1 சதவீதம் குறைவு.